இரட்டையருக்கு வண்டி வாங்கும் முன் வாசலை அளந்து பாருங்கள்

கேள்வி: நாங்கள் லண்டன் வெம்ப்ளியில் இருக்கிறோம். எங்களுக்கு 34-ஆவது வாரத்திலேயே இரட்டைக் குழந்தைகள் பிறந்தார்கள், ஒரு பெண், ஒரு பையன். மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. இரண்டாவது மாடியில் வீடு, லிப்ட் கிடையாது, காரும் கிடையாது. கணவர் காலை 6 மணிக்கே வேலைக்குக் கிளம்பிவிடுவார். ஒன்றன் பின் ஒன்றாக இருக்கை உள்ள தள்ளுவண்டிதான் இடத்தை அடைக்காது என்கிறார் அவர். பக்கத்தில் பக்கத்தில் படுக்க வைக்கும் வண்டிதான் நல்லது என்கிறாள் தோழி. தெரிந்த ஒருவர், இரண்டு கார் சீட் மாட்டுகிற வண்டியைச் சும்மாவே தருகிறேன் என்கிறார். திருச்சியிலிருந்து வந்திருக்கும் மாமியாரோ, நாங்கள் தூக்கி வளர்க்காத பிள்ளையா, வண்டி எதற்கு என்கிறார். 400 பவுண்டுக்கு மேல் எங்களால் முடியாது. எதை வாங்குவது?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

இரண்டு பேரும் நல்லபடியாக வீடு வந்து சேர்ந்துவிட்டார்கள் என்பதைப் படித்ததும் மனசு நிறைந்தது. நான் வடமேற்கு லண்டனில் ஹெல்த் விசிட்டராக, அதாவது பச்சைக்குழந்தை உள்ள வீடுகளுக்குப் போய்ப் பார்க்கும் செவிலியராக, வீடு வீடாகப் போகிறவள், இரட்டைக் குழந்தைகள் இருக்கும் வீடுகள் நிறையப் பார்த்திருக்கிறேன், அதனால் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பக்கத்தில் பக்கத்தில் படுக்க வைக்கிற வண்டி வாங்குங்கள். இரண்டு பக்கமும் முழுசாகச் சாய்ந்து தட்டையாக வேண்டும், உங்கள் வாசலில் நுழைய வேண்டும், நீங்கள் ஒருத்தியாகவே அதைத் தூக்கி விரித்து மடக்க முடிய வேண்டும். புதிதாக வாங்க வேண்டியதில்லை, பழையதே போதும். கணவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, அதற்கும் வருகிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். பழைய விக்டோரியா காலத்து வரிசை வீடு, கதவைத் திறந்ததும் ஒடுங்கிய நடை, அதில் பாதியை அடைத்துக்கொண்டு புத்தம் புதிய டபுள் பக்கி, அதாவது இரட்டைத் தள்ளுவண்டி, நின்றது. வாசல் நிலையைப் பார்த்தேன், இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் கறுப்பாக ஒரு கோடு, சக்கரம் உரசி உரசி விழுந்த கோடு. வெளியே போக வேண்டுமென்றால் ஒரு பக்கத்துச் சக்கரங்களைக் கழற்றி, வண்டியைச் சாய்த்து, வெளியே கொண்டுபோய் மறுபடி மாட்ட வேண்டும், அதற்குள் உள்ளே இரண்டும் அழ ஆரம்பித்துவிடும். அந்தப் பெண் மூன்று வாரமாக வெளிக்காற்றே படாமல் இருந்தார். கடைக்குத் திருப்பிக் கொடுக்கும் நாளும் தாண்டிவிட்டது. வண்டியில் ஒரு குறையும் இல்லை, நல்ல வண்டிதான், வாசலை மட்டும் யாரும் அளக்கவில்லை.

அதனால் இன்றைக்கே இஞ்ச் டேப்பை எடுங்கள். இங்கே வீட்டின் உட்கதவுகள் பெரும்பாலும் 76 செ.மீ. பலகை, ஆனால் உங்களுக்குக் கிடைப்பது அந்த 76 இல்லை. கதவின் கனம், நிலையில் இருக்கும் தடுப்புக்கட்டை, கைப்பிடி எல்லாம் போக என்ன மிஞ்சுகிறதோ அதுதான் உங்கள் அளவு. கதவை முழுதாகத் திறந்து வைத்து, அதிலும் ஆகக் குறுகலான இடத்தை அளந்துகொள்ளுங்கள். கீழே பொதுவாசல், உங்கள் வீட்டு வாசல், மாடிப்படி திரும்பும் இடம், மருத்துவர் கிளினிக்கின் வாசல், வாரம் தவறாமல் போகும் கடையின் வாசல், இவை எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பக்கத்தில் பக்கத்தில் வைக்கும் வண்டிகள் எல்லாமே ஒரே அகலம் என்று நினைத்துவிட வேண்டாம். மவுண்டன் பக்கி நிறுவனத்தின் டூயட் மாடல் சுமார் 63 செ.மீ.தான், ஒற்றை வண்டி அளவுக்கே இருக்கும். பகபூ நிறுவனத்தின் டாங்கி மாடல் இரண்டு பிள்ளைக்கு விரித்தால் 74 செ.மீ. இந்த 11 செ.மீ.தான் ஏலிங் ரோடு மளிகைக் கடையில் அரிசி மூட்டைக்கும் காய்கறிக் கூடைக்கும் நடுவே நீங்கள் போவீர்களா, வாசலிலேயே நிற்பீர்களா என்பதைத் தீர்மானிக்கும்.

அடுத்தது, படுக்கை. எனக்கு இதுதான் முக்கியம். உங்கள் பிள்ளைகள் ஆறு வாரம் முன்னாலேயே பிறந்தவர்கள். அவ்வளவு சின்னக் கழுத்துக்குத் தலையைத் தாங்கும் பலம் இன்னும் வரவில்லை, சாய்ந்து உட்கார வைத்தால் தலை முன்னால் கவிழ்ந்து தாடை நெஞ்சில் முட்டும், மூச்சுக்குழாய் மடங்கும். அழுகைச் சத்தம் கூட வராது, அதுதான் பயம். அதனால் பிறந்த குழந்தைக்கு என்று விற்கும் வண்டியில் இருக்கைக்கும் முதுகுச் சாய்வுக்கும் நடுவே குறைந்தது 150 டிகிரி விரிய வேண்டும் என்று ஐரோப்பியத் தர விதியே இருக்கிறது, வண்டியில் ஒட்டியிருக்கும் சீட்டில் இஎன் 1888 என்று போட்டிருக்கிறதா பாருங்கள். 150 டிகிரி என்பது குறைந்தபட்சம்தான். உங்கள் பிள்ளைகள் இருவருக்கும் கேரிகாட்டோ (வண்டியில் மாட்டும் தட்டையான தொட்டில்), பலகை மாதிரித் தட்டையாகும் இருக்கையோதான் நான் சொல்வேன். ஆறு மாதம் வரை அப்படியே இருக்கட்டும், அந்த ஆறு மாதத்தையும் பிறந்த தேதியிலிருந்து எண்ண வேண்டாம், பிறந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து எண்ணுங்கள்.

இங்கேதான் அந்தச் சும்மா கிடைக்கும் கார் சீட் வண்டியை வேண்டாம் என்கிறேன். கொடுப்பவர் நல்ல மனசோடுதான் கொடுக்கிறார், ஆனால் கார் சீட் காருக்காகச் செய்தது, விபத்தில் உயிரைக் காப்பாற்றுவதற்காக அந்த வளைவு. அதையே வண்டியில் மாட்டிக் கடைகண்ணி, பூங்கா, கோயில் என்று சுற்றினால், குழந்தை மணிக்கணக்கில் அதே வளைவில் கிடந்து தூங்கும். குறைமாதப் பிள்ளைகளுக்கு அது ஆகவே ஆகாது. பச்சைக்குழந்தையை ஒரே மூச்சில் 30 நிமிடத்துக்கு மேல் கார் சீட்டில் வைக்காதீர்கள் என்றுதான் எல்லாத் தாய்மாருக்கும் சொல்கிறோம். அதுவும் இன்னொருவர் பயன்படுத்திய கார் சீட், எப்போது எங்கே அடிபட்டது என்று வெளியில் பார்த்துத் தெரியாது. உங்களிடம் கார் இல்லை என்பதால் அவசரமே இல்லை, மனசு நோகாமல் மறுத்துவிடுங்கள்.

சரி, கணவரின் பக்கம். ஒன்றன் பின் ஒன்றாக இருக்கும் டாண்டம் வண்டி ஒற்றை வண்டியின் அகலத்திலேயே இருக்கும், எந்த வாசலிலும் நுழையும், அது உண்மை. ஆனால் அவற்றில் நிறைய மாடல்களில் பின்னாலோ கீழேயோ இருக்கும் இருக்கை இரண்டாம் இடம்தான். சில மாடல்களில் அது முழுசாகப் படுக்காது, சிலவற்றில் பிறந்த குழந்தைக்கு ஒரு இருக்கை மட்டுமே ஏற்றது, அங்கே எடை வரம்பும் குறைவு. கீழே படுத்திருக்கும் பிள்ளைக்கு முன்னிருக்கையின் துணிதான் வானம். ஒரே வயதுப் பிள்ளைகள் இருவரில் யாரைக் கீழே போடுவீர்கள்? இன்று ஒருவர், நாளை ஒருவர் என்று மாற்றலாம், ஆனால் தூக்கம் கெட்ட வீட்டில் யார் கணக்கு வைத்துக்கொள்வது. அப்புறம் நீளம். நடைபாதை விளிம்பில் ஏற முன்சக்கரத்தைத் தூக்க வேண்டும், நீளமான வண்டியில் முன்னால் ஒரு பிள்ளை இருந்தால் கைப்பிடியை அழுத்தி அழுத்தி மணிக்கட்டு போய்விடும். அறுவைச் சிகிச்சையில் பிரசவம் ஆகியிருந்தால் இது சின்ன விஷயம் இல்லை. உங்கள் வாசல் உண்மையிலேயே 65 செ.மீ.க்குக் கீழே வந்தால் மட்டும் டாண்டம் பக்கம் போங்கள், அப்போதும் இரண்டு கேரிகாட் மாட்டலாம் என்று தயாரிப்பாளரே எழுதிக் கொடுத்திருக்கும் மாடலாகப் பாருங்கள்.

மாடிப்படிதான் உங்கள் பெரிய கஷ்டம், கடிதத்தில் அதை ஒரே வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். டபுள் வண்டி ஒன்று, சக்கரம் மாட்டிய சட்டத்தையும் சேர்த்து, பெரும்பாலும் 13 முதல் 17 கிலோ வரை இருக்கும். பிள்ளைகளோடு சேர்த்து அதைப் படியில் இறக்குவது பற்றி யோசிக்கவே வேண்டாம், கீழ்ப்படியில் ஒரு சக்கரம் தவறினால் பிடிக்க முடியாது. வண்டி கீழேயே தங்க வழி பாருங்கள். படிக்கட்டின் அடியில் சும்மா நிறுத்திவிட்டு வந்தால் கட்டட நிர்வாகம் எடுத்துப் போட்டுவிடலாம், தீ பிடித்தால் எல்லோரும் ஓடும் வழி அது என்பதால் அவர்கள் சொல்வதும் சரிதான். சைக்கிள் நிறுத்தும் கொட்டகை இருக்கிறதா, மீட்டர் அறைக்குப் பக்கத்தில் காலி இடம் இருக்கிறதா என்று நிர்வாகத்துக்கு எழுதிக் கேளுங்கள், குறைமாத இரட்டைக் குழந்தைகள் என்பதையும் எழுதுங்கள். தரைத்தளத்தில் இருக்கும் அயலாரைக் கேட்கவும் கூச்சப்பட வேண்டாம். எனக்குத் தெரிந்த ஒரு தாய்க்குக் கீழ்வீட்டுப் பாட்டி தன் கோட்டு மாட்டும் மூலையைக் காலி செய்து கொடுத்தார், பிள்ளைகள் நடக்கும் வரை வண்டி அங்கேதான் இருந்தது.

ஒன்றுமே வழியில்லை, மேலேதான் வைக்க வேண்டும் என்றால், சட்டம் தனியாக, படுக்கை தனியாகக் கழலும் வண்டி வாங்குங்கள். இறங்கும் வரிசை முக்கியம். பிள்ளைகள் இருவரையும் தொட்டிலில் மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டு முதலில் சட்டத்தைக் கீழே கொண்டுபோய் விரியுங்கள், பூட்டு விழும் சத்தம் கேட்க வேண்டும், பிரேக்கை மிதித்து வையுங்கள். மேலே வந்து படுக்கைகளைக் கொண்டுபோய் மாட்டுங்கள். கடைசியாக, மாமியார் இருக்கும் வரை ஆளுக்கு ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சேர்ந்து இறங்குங்கள். அவர் ஊருக்குப் போனபின் ஒரு பிள்ளையை நெஞ்சோடு கட்டும் துணிப்பையில் வைத்து, இன்னொன்றைக் கையில் அணைத்து, மறுகையால் கைப்பிடிச் சுவரைப் பிடித்து இறங்குங்கள். ஒரு பிள்ளையைக் கீழே வண்டியில் விட்டுவிட்டு அடுத்ததை எடுக்க மேலே ஓடுவது கூடவே கூடாது, இரண்டு நிமிடம்தானே என்று தோன்றும், வேண்டாம். துணிப்பையை எப்போது தொடங்கலாம் என்று உங்களைப் பார்க்கும் பிள்ளை மருத்துவக் குழுவிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள், முகம் எப்போதும் உங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும், தாடை நெஞ்சில் முட்டக்கூடாது.

கார் இல்லை, அதனால் பேருந்துதான். லண்டன் பேருந்தில் நடுவே இருக்கும் அந்த இடம் சக்கர நாற்காலிக்கானது, காலியாக இருந்தால் நாம் நிற்கலாம். 2012-ல் வெதர்பியிலிருந்து லீட்ஸுக்குப் போகும் பேருந்தில் டக் பாலி என்பவர் சக்கர நாற்காலியோடு ஏற வந்தபோது அந்த இடத்தில் ஒரு தாய் தூங்கும் குழந்தையோடு நின்றிருந்தார், தள்ளுவண்டி மடங்காது என்று அந்தத் தாய் நகரவில்லை, பாலியால் ஏற முடியவில்லை. அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2017 ஜனவரியில், ஓட்டுநர் ஒப்புக்கு ஒருமுறை கேட்டுவிட்டு விட்டுவிடக் கூடாது, நியாயமில்லாமல் மறுத்தால் இன்னும் வற்புறுத்த வேண்டும் என்று தீர்ப்பானது. நம்மால் இரண்டு பிள்ளைகளைக் கையில் வைத்துக்கொண்டு வண்டியை மடக்க முடியாது, அதனால் சக்கர நாற்காலியில் ஒருவர் வந்தால் இறங்கி அடுத்த பேருந்தில் போவது என்று முன்னாடியே மனசில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஏறியதிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் ஏறினால், லண்டன் பேருந்துகளின் ஹாப்பர் கட்டணத்தில் மறுபடி காசு பிடிக்காது. மருத்துவ அப்பாயின்ட்மென்ட் உள்ள நாளில் அரைமணி முன்னாலேயே கிளம்பிவிடுங்கள். பாதாள ரயில் என்றால் படியில்லாமல் போகக்கூடிய நிலையங்கள் மூன்றில் ஒரு பங்குதான், வெம்ப்ளி பார்க்கில் லிப்ட் இருக்கிறது, ஆனால் இறங்கும் இடத்திலும் இருக்கிறதா என்று வரைபடத்தில் பார்த்துவிட்டு ஏறுங்கள்.

கடைக்கோ, பழைய வண்டி விற்பவர் வீட்டுக்கோ போகும்போது இரண்டு 5 கிலோ பொன்னி அரிசிப் பை எடுத்துப் போங்கள், சொல்கிறேன் ஏன் என்று. காலி வண்டி எல்லாமே வெண்ணெய் மாதிரி ஓடும். இரண்டு பக்கமும் அரிசிப் பையை வைத்து, ஒரு கையால் தள்ளித் திருப்பிப் பாருங்கள், மறுகை உங்களுக்கு எப்போதும் காலியாக இருக்காது. அடுத்து ஒரு பையை எடுத்துவிட்டு ஒரு பக்கம் மட்டும் கனம் வைத்துத் தள்ளுங்கள். வண்டி அந்தப் பக்கமாகவே இழுத்தால் வேண்டாம், ஏனென்றால் பையன் கனமாகவும் பெண் லேசாகவும் வளரலாம், ஒருவர் தூங்க ஒருவரைத் தூக்கிக்கொண்டு தள்ளுவீர்கள். ஒரு வயதில் பிள்ளைகள் ஆளுக்கு 9 கிலோ என்று வைத்தால் கூட, வண்டியோடு சேர்த்து 30 கிலோவுக்கு மேல் நீங்கள் தள்ளப் போகிறீர்கள். நீள் கைப்பிடி ஒன்றே குறுக்காக வருவது நல்லது, இரண்டு தனிக் கொக்கி மாதிரிக் கைப்பிடி இருந்தால் ஒரு கையால் தள்ள வராது. காய்கறிப் பையைக் கைப்பிடியில் தொங்கவிடும் பழக்கம் வேண்டாம், லேசான பிள்ளைகள் உள்ள வண்டி பின்னால் மல்லாந்துவிடும், கீழ்க்கூடை பெரிதாக உள்ளதைப் பாருங்கள்.

பணத்தைப் பற்றி. 400 பவுண்டுக்குப் புதிதாக நல்ல டபுள் வண்டி தேடினால் ஏதாவது ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டி வரும், பழையது என்றால் பாதி விலைக்கே நல்ல வண்டி கிடைக்கும். இரட்டைக் குழந்தைகள் உள்ள குடும்பங்களுக்கென்றே ட்வின்ஸ் டிரஸ்ட் என்ற அமைப்பு இருக்கிறது, 2019 வரை டாம்பா என்று பெயர். அந்தந்த ஊர் இரட்டையர் சங்கங்கள் பழைய சாமான் விற்பனை நடத்தும், அங்கே விற்கிறவரே அதை இரண்டு வருடம் தள்ளியவர், எந்தச் சக்கரம் கீச்சிடும் என்பதையும் சேர்த்துச் சொல்வார். வாங்கும்போது பிரேக்கைப் போட்டு சரிவில் நிறுத்திப் பாருங்கள், ஐந்து முனைப் பெல்ட் இரண்டிலும் ஒழுங்காகப் பூட்டுகிறதா, மடக்கும் இடத்தின் பூட்டு தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கீலையும் விடாதீர்கள். 2009-ல் அமெரிக்காவில் மக்லாரன் நிறுவனம் சுமார் 10 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்துக் கீலுக்கு மூடி கொடுத்தது, விரிக்கும்போது பிள்ளைகளின் விரல் நுனி மாட்டி நறுக்குப்பட்டதால். அந்த நிறுவனத்தைத் தொடங்கிய ஓவன் மக்லாரன் விமானப் பொறியாளர், ஸ்பிட்ஃபயர் போர் விமானம் தரையிறங்கும் சக்கர அமைப்பை வடிவமைத்தவர், தன் மகள் கனமான வண்டியோடு திண்டாடுவதைப் பார்த்து 1965-ல் குடை மாதிரி மடங்கும் லேசான வண்டியைச் செய்தார். ஆகவே பழையது வாங்கினால் மாடல் பெயரைப் போட்டு, திரும்ப அழைத்திருக்கிறார்களா என்று ஒருமுறை தேடிவிடுங்கள். கேரிகாட்டின் மெத்தையை மட்டும் புதிதாக வாங்குங்கள், கெட்டியாக, தட்டையாக, ஓரத்தில் இடைவெளி இல்லாமல் பொருந்த வேண்டும்.

மாமியாரிடம் சண்டை வேண்டாம். அவர் சொல்வது பொய்யில்லை, நம் வீடுகளில் ஒரு பிள்ளை இடுப்பில், ஒரு பிள்ளை பெரியம்மா தோளில் என்றுதான் வளர்ந்தோம். அங்கே தோளுக்கு ஆள் இருந்தது, இங்கே காலை 6 மணிக்குப் பிறகு நீங்கள் ஒருத்திதான். அதை அவரே இந்த மாதத்தில் பார்த்துவிடுவார். ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். இரட்டையர் என்றால் தெருவில் ஆளுக்கு ஆள் நின்று பார்ப்பார்கள், கண் படும் என்று வண்டியின் கூரை மேல் துப்பட்டாவையோ போர்வையையோ போட்டு மூடச் சொல்வார், என் வீட்டுப் பெரியவர்களும் சொன்னார்கள். மெல்லிய துணி என்றாலும் உள்ளே காற்று நின்று சூடு ஏறிவிடும், வெளியே இருக்கும் நமக்குத் தெரியாது. வெயிலுக்குக் கூரையை இழுத்துவிடுங்கள், பக்கவாட்டில் காற்றுப் போகும் குடையை மாட்டுங்கள். திருஷ்டிக்கு உள்ளங்காலில் ஒரு மைப்பொட்டு வைத்துவிடுங்கள், கண்ணுக்கு மை தீட்ட வேண்டாம். மழை உறை கட்டாயம் வேண்டும், ஆனால் கடைக்குள் நுழைந்ததும் அதைக் கழற்றிவிட வேண்டும். குளிர்காலத்தில் குல்லாவும் அப்படியே, பிள்ளை தூங்கினாலும், விழித்துவிடும் என்று தெரிந்தாலும், வீட்டுக்குள் வந்ததும் எடுத்துவிடுங்கள்.

இதைப் படிக்கும் வேறு தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. உங்களுக்கு இரட்டையர் இல்லை, ஒன்றரை இரண்டு வயதில் ஒன்று, கைக்குழந்தை ஒன்று என்றால் இந்தக் கணக்கு மாறும். பெரியவனுக்கு இன்னும் ஒரு வருடம்தான் வண்டி வேண்டியிருக்கும், அங்கே டாண்டம் நன்றாகவே பயன்படும், கைக்குழந்தை தட்டையாகப் படுக்கிற இடத்தில், பெரியவன் உட்கார்கிற இடத்தில். மூன்று வயதை நெருங்கிவிட்டான் என்றால் ஒற்றை வண்டியும் பின்னால் நிற்கும் பலகையும் போதும்.

சகோதரி, உங்களுக்கு நான் சொல்வது இதுதான். இந்த வாரம் அளவெடுங்கள், நிர்வாகத்துக்குக் கடிதம் போடுங்கள், வண்டியை அடுத்த வாரம் பார்க்கலாம். வண்டி வந்ததும் முதல் நாளே ஏலிங் ரோடு வரை கிளம்பிவிட வேண்டாம். இரண்டு பேரும் பால் குடித்து ஏப்பம் விட்டதும் மாமியாரையும் கூட்டிக்கொண்டு தெருமுனை வரை போய்த் திரும்புங்கள், 20 நிமிடம் போதும். அங்கே ஒரு பெஞ்சு இருந்தால் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.